கண்ணாடிக் கடை மாடியில் ஒரு பட்டினி

போர்டு மாட்டினால் ஆள் வராமல் போய்விடுகிற தொழில் ராமநாதபுரத்தில் எங்கள் தொழில் ஒன்றுதான். நான் மனநல ஆலோசகர். மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை. எதிரே இருப்பவரைப் பேச வைத்து, அழ வைத்து, சில நாள் வாய் நிறையத் திட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ரகம். "சும்மா பேசுறதுக்கா அங்கன போறாக?" என்று என் சொந்த அத்தையே இன்றைக்கும் கேட்கிறார்.

இதை எல்லாருக்கும் எழுதவில்லை. வீட்டில் யாருக்காவது தட்டில் சோறு போட்டு வைத்து, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சி, பிறகு கத்தி, பிறகு அழுது, கடைசியில் அந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போன ஆட்கள் இருப்பீர்கள் அல்லவா, உங்களுக்குத்தான். நீங்களும் நானும் ஒரே பெஞ்சுக்காரர்கள். சாப்பிடாமல் இருப்பது ஒரு வியாதி என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "பசிச்சாத் தானா சாப்பிடுவா" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பந்தப்பட்டவளிடம் சம்மதம் வாங்கி, பேரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கீழே கண்ணாடிக் கடை

என் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. மாடிப்படி கடைக்குள்ளிருந்துதான் ஏறும். வாடகைக்கு வந்தபோது இது பெரிய குறையாகத் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே இதுதான் என் பிழைப்பு என்று புரிந்துவிட்டது. "கண்ணு செக் பண்ணிட்டு வாரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு யாரும் வரலாம் பாருங்கள். சாயல்குடியிலிருந்து, நயினார்கோவிலிலிருந்து, கீழக்கரையிலிருந்தெல்லாம் அப்படித்தான் வந்தார்கள். கடைக்காரர் பாண்டி அண்ணன் ஆளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். ஃப்ரேமைப் பார்க்கிறவர் அவருடைய ஆள், படியைப் பார்க்கிறவர் என்னுடைய ஆள்.

மாதக்கணக்கில் கண் செக் பண்ணியும் கண்ணாடி வரவில்லையே என்று வீட்டில் கேள்வி வரும் அல்லவா? அதற்கும் அண்ணன் வழி வைத்திருந்தார். பவரே இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவார். என்னிடம் வந்து தேறியவர்களில் பாதிப் பேர் இன்றும் இந்த ஜில்லாவில் வெறும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள். ஊரை ஏமாற்றுகிறோமே அண்ணே என்று ஒரு நாள் வருத்தப்பட்டேன். அவர் துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காலு ஒடைஞ்சா நாலு பேரு வந்து பாக்கணும்னு நெனக்கிறாக, மனசு ஒடைஞ்சா நாலு பேரு பாத்துரக் கூடாதுன்னு நெனக்கிறாக. நான் என்ன செய்ய?"

ஃபேனை நிறுத்தச் சொன்னவள்

ரிஸ்வானா முதல் தடவை வந்தது புரட்டாசி வெயிலில். கீழக்கரைக்காரி, இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, கல்யாண லீவு முடிந்ததும் போனவர் இன்னும் வரவில்லை. அந்த ஊர் வழக்கப்படி பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருக்கிறாள், மாமியார் வீடு அடுத்த தெரு. அன்றைக்குக் கூட வந்தது அவளுடைய உம்மா. பர்தாவைக் கழற்றி மடியில் வைத்தாள், உள்ளே முழுக்கை ஸ்வெட்டர். நான் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறேன், அவள் குளிருகிறது, ஃபேனை நிறுத்த முடியுமா என்று கேட்கிறாள். இந்த ஊரில் என்னிடம் ஃபேனை நிறுத்தச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

உம்மாதான் பேசினார். மகள் அடிக்கடி மயங்கி விழுகிறாள், ரத்தம் குறைச்சல் என்று டானிக் கொடுத்தும் தேறவில்லை, கடைசியில் ஒரு லேடி டாக்டர் இந்த மாடிப்படியைக் காட்டினார் என்றார். மற்றபடி தங்கமான பெண்ணாம். திங்களும் வியாழனும், கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்புகூடப் பிடிக்கிறாளாம், தெருவே மெச்சுகிறதாம். போன ரமலானில் முப்பது நோன்பும் ஒரு நாள் விடாமல் பிடித்தாள் என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்குச் சுருக்கென்றது. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. வயசுப் பெண் ஒருத்தி முப்பதையும் விடாமல் எப்படிப் பிடிப்பாள்? அந்த நாட்கள் வரவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். உம்மா மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள். மாசக்கணக்காக வரவில்லை. பட்டினி கிடக்கிற உடம்பு முதலில் நிறுத்துகிற காரியங்களில் அது ஒன்று என்று நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன், உம்மா காதில் எதுவும் ஏறவில்லை. புருஷன் ஊரில் இல்லாத பெண்ணுக்கு அது நின்றுபோனது என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று வெலவெலத்துப் போய்விட்டார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, நோன்பு அவ்வளவு பிடிக்குமா என்று ரிஸ்வானாவிடம் கேட்டேன். ஸ்வெட்டர் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "நோன்பு புடிச்ச அன்னைக்கு யாரும் சாப்பிடு சாப்பிடுன்னு உசுர வாங்க மாட்டாக மேடம். அன்னைக்கு மட்டுந்தான் எனக்கு நிம்மதி."

தொதல்

கீழக்கரைத் தொதல் சாப்பிடாதவர்கள் பாவம். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கை கடுக்கக் கிண்டி எடுக்கிற இனிப்பு. அடுத்த வாரமே ரிஸ்வானா எனக்கு ஒரு டப்பா, கீழே பாண்டி அண்ணனுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தாள். அவளே அடுப்படியில் நின்று கிண்டியது. வீட்டில் இப்போது சமையலே அவள்தானாம். இடியாப்பம், மீன் ஆணம், வட்டலப்பம் எல்லாம் செய்து எல்லாருக்கும் பரிமாறுவாள். பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிட்டுக்கொள்வாள் என்று மற்றவர்கள் கை கழுவப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். பட்டினி கிடக்கிறவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கும், ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுவார்கள், தாங்கள் மட்டும் தொட மாட்டார்கள். டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினேன். பாம்பைக் கண்டவள் மாதிரி நாற்காலியோடு பின்னால் போனாள்.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். கல்யாண வீடியோ. வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவார்கள். யாரோ ஒரு சொந்தக்காரி, பொண்ணு மேடையில் இடம் பத்தாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று சிரித்திருக்கிறாள். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். இவள் அந்த இடத்தைத் தனியாக ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இது மட்டும்தானா காரணம் என்று கேட்காதீர்கள், இல்லை. ஆனால் பூட்டைத் திறந்தது இதுதான்.

அவள் அனுமதியோடு உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், உங்கள் மகள் சாப்பிடுவதே இல்லை என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் வீட்டு விசேஷங்களில் சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் வைத்து நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற வழக்கம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அதில் எப்படித் தெரியும்? ரிஸ்வானா சோற்றைப் பிசைந்து பிசைந்து பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட்டு, இறைச்சியைப் பிய்த்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு எழுந்துவிடுவாள். இதை நான் சொல்லச் சொல்ல உம்மா தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னை மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டார்: "எங்க சஹன்ல என்னைக்கும் ஒரு பருக்கை மிஞ்சினதில்லயே, அப்புறம் எம்மக சாப்பிடலன்னு எப்படிச் சொல்றீங்க?"

திட்டு

இந்த வியாதிக்கு எங்கள் சிகிச்சையில் பாதி பேச்சு, மீதிப் பாதி கூட உட்கார்ந்து சாப்பிடுவது. வியாழக்கிழமை மத்தியானம் அவளும் நானும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டிபன் பாக்ஸைத் திறப்போம். அந்த நோன்பை அவள் எனக்காக விட்டிருந்தாள், முணுமுணுத்துக்கொண்டேதான். ஒரு இடியாப்பத்தை நூல் நூலாகப் பிரிப்பாள். ஒவ்வொரு நூலையும் வாயில் வைக்கும்போது பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். நான் சினிமா, விலைவாசி, பஸ்ஸில் நடந்த சண்டை என்று எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அவளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிற மாதிரி நடிக்க வேண்டும்.

ஒரு நாள், இன்னும் அரை இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், டிபன் பாக்ஸ் பறந்து சுவரில் மோதியது. சாந்தமே உருவான பெண் என்று தெருவே மெச்சுகிறவள், எழுந்து நின்று கத்தினாள். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டேன். ஆனால் அவள் முதன்முதலாக மனசில் இருந்ததை அப்படியே சொன்னது அன்றைக்குத்தான். என்னென்னவோ சொன்னாள், கடைசியாகச் சொன்னது இது: "நீங்க குண்டா இருக்கீக, அதான் என்னையும் குண்டாக்கி வேடிக்கை பாக்கணும்னு துடிக்கிறீக."

மதுரை டாக்டரின் கோபம்

பேச்சை மட்டும் நம்பி இந்த வியாதியோடு மோத முடியாது. மார்கழியில் அவளையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். நான் கேஸ்களை அனுப்புகிற மனநல மருத்துவர் அங்கே இருக்கிறார். ரத்தம் எடுத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. நாடி ரொம்ப மெதுவாக ஓடுகிறது, ரத்தத்தில் உப்பு இறங்கிக் கிடக்கிறது, இதயம் எப்போது வேண்டுமானாலும் தடுமாறலாம், இன்றைக்கே படுக்க வையுங்கள் என்றார். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்கும் சேர்த்து விழுந்தது.

உம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் படுத்தால் சம்பந்தி வீட்டார் பழத்தோடு பார்க்க வருவார்கள், வந்தால் என்ன ஏது என்று கேட்பார்கள், மஸ்கட்டுக்குப் போன் போகும். ரிஸ்வானா மாட்டவே மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு உடன்பாடு: வாரம் தவறாமல் ரத்தப் பரிசோதனை, நாடி பார்ப்பது, மாத்திரை, கொஞ்சம் இறங்கினாலும் பேச்சே இல்லாமல் அட்மிஷன். அப்போதுதான் உம்மா தயங்கித் தயங்கி, ரமலான் வருகிறதே, இவள் நோன்பு வைக்கலாமா என்று கேட்டார். மகள் தலை நிமிர்ந்தாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம்மா. வச்சா, பெருநாளைக்கு இவளுக்குத் துணி எடுக்குற வேலை உங்களுக்கு இருக்காது."

படியேறி வந்த மாமியார்

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மாடியில் நாங்கள் மூன்று பேர். ரிஸ்வானா இரண்டாவது இடியாப்பத்தில் கை வைத்திருந்தாள், அது எனக்குப் பண்டிகை மாதிரி. கீழே பாண்டி அண்ணன் குரல் திடீரென்று உயர்ந்தது. "மேல எழுத்தைப் படிங்கம்மா, அதுக்கு அடுத்த வரி படிங்கம்மா" என்று சுவர் அதிரக் கத்துகிறார். யாரோ வரக் கூடாதவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். எட்டிப் பார்த்த உம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார். மாமியார் மரியம் பீவி. கண் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி வாங்க வந்தவர், படியடியில் கிடந்த சம்பந்தியின் செருப்பை அடையாளம் கண்டுவிட்டார்.

மூச்சு வாங்க ஏறி வந்து வாசலில் நின்றார். வெடுக்கென்று பேசுகிறவர் என்று ரிஸ்வானா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்போதுதான் பார்க்கிறேன். மருமகளைப் பார்த்தார், அவள் வெளிறிய முகத்தைப் பார்த்தார், அழுகிற சம்பந்தியைப் பார்த்தார். ரகசியமாக ஒரு மாடி, ஒரு டாக்டரம்மா, மயங்கி விழுகிற மருமகள். மகன் கடல் தாண்டிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் கணக்கு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

என் வாயை என் தொழில் கட்டிப்போட்டிருக்கிறது. அவள் சொல்லாமல் அவளைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லக் கூடாது. உம்மா, "ராத்தா, அல்லாஹ்வுக்காக..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றார். ரிஸ்வானாதான் எழுந்தாள். ஸ்வெட்டர் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, அந்தக் குச்சிக் கையை நீட்டிக் காட்டி, தான் சாப்பிடுவதில்லை, சாப்பிட முடியவில்லை, அதற்கு வைத்தியம் பார்க்கத்தான் இங்கே வருகிறேன் என்று சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. மாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி இறங்கிப் போய்விட்டார். எல்லாம் முடிந்துபோனது என்று உம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். பாண்டி அண்ணன் மேலே வந்தார், கையில் ஒரு கண்ணாடி. "புதுக் கண்ணாடிய வாங்காமலே போயிட்டாக டாக்டரம்மா. திட்டிட்டுப் போயிருந்தாக்கூடப் பயமில்ல, ஒண்ணுமே சொல்லாமப் போறாக."

பிறைக்கு முன்

அதற்குப் பிறகு மாமியார் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ரமலான் நெருங்க நெருங்க ரிஸ்வானாவுக்கு முகத்தில் ஒரு களை வந்தது. லீவு விடப் போகிறார்கள் என்று காத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் பயந்த மாதிரி என் வாழ்க்கையில் எதைப் பார்த்தும் பயந்ததில்லை. பகலெல்லாம் ஒருத்தரும் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி கூட்டத்தில் எப்படித் தப்புவது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். நோன்பை விடு என்று எந்த வாயால் சொல்ல? நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்னால் அது வேறு மாதிரிக் கேட்கும். உம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். சலுகை நோயாளிக்குத்தானே, நான் நோயாளி இல்லையே என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாளாம். வியாதியே வியாதி இல்லை என்று சாதிக்கிறது, யாரோடு வாதாட?

பிறை பார்க்கிற வாரத்தில் மரியம் பீவி தனியாக வந்தார், கண்ணாடி வாங்குகிற சாக்கில். என் எதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். அன்றைக்குத் தப்பாகக் கேட்டுவிட்டேன், அதிலிருந்து தூக்கமில்லை என்றார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். அவருக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறார். டாக்டரும் சொல்லி, மார்க்கம் படித்த ஆலிமிடமும் கேட்டு, நோன்பை விட்டுப் பல வருஷம் ஆகிறது. விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடுகிறார். தப்பே இல்லை. ஆனாலும் வெட்கம். அவர் நோன்பு வைப்பதில்லை என்று தெருவில் யாருக்கும் தெரியாது, மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கும் தெரியாது. மத்தியானம் பின்கட்டு ரூமைச் சாத்திக்கொண்டு, பாத்திரச் சத்தம் கேட்காமல் சாப்பிடுவாராம். அவள் விஷயமாக நான் எதுவும் பேச முடியாது, அவளிடமே கேளுங்கள் என்றேன். எழுந்துகொண்டே சொன்னார்: "ஊரே நோன்பா இருக்குறப்ப ஒளிஞ்சு சாப்பிடுறது எம்புட்டுக் கூச்சமா இருக்கும்னு எனக்குத் தெரியும். அவளையும் கூட்டிக்கிறேன், ரெண்டு பேரா ஒளிஞ்சுக்கிறோம்."

மத்தியானச் சோறு

மாமியார் போய்த் தன் ரகசியத்தைச் சொன்னதும் ரிஸ்வானா ஆடிப்போய்விட்டாள். மறுக்க முடியவில்லை. நோன்பு வைக்காமல் மத்தியானம் மாமி வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். போனாளே தவிர, சாப்பிடவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அந்த வார ரத்தப் பரிசோதனையில் உப்பு இன்னும் இறங்கியிருந்தது. நாளைக் காலை மதுரைக்குக் கூட்டி வாருங்கள், படுக்கை ஒதுக்கி வைக்கிறேன் என்று டாக்டர் போன் செய்துவிட்டார். இரவு தாங்குமா என்று எனக்கே சந்தேகம். ஒரு வாயாவது உள்ளே போகட்டும் என்று அன்று மத்தியானம் பஸ் ஏறினேன்.

கீழக்கரையில் டீக்கடைகள் சாத்திக் கிடந்தன. பின்கட்டு ரூமில் ஜன்னலுக்குத் திரை போட்டு, மூன்று தட்டு வைத்திருந்தார் மாமி. சோறு, மீன் ஆணம், வறுத்த மீன். ரிஸ்வானா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள், சோற்றில் விரலை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். மாமி கெஞ்சினார், அதட்டினார், துஆ ஓதினார். நான் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணும் அவள் விரலில்தான்.

திடீரென்று ரிஸ்வானா நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். மாமியின் முகமெல்லாம் வேர்வை. சொன்னதையே திரும்பத் திரும்பக் குழறிக்கொண்டிருக்கிறார், கண் எங்கேயோ போகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர், மருமகளைக் கெஞ்சிக் கெஞ்சித் தான் சாப்பிட மறந்துவிட்டார். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. நான் எழுவதற்குள் ரிஸ்வானா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கி வந்துவிட்டாள். மாமியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கண் இருட்டுகிறதா, காதுக்குள் இரைச்சலா, கை யாரோ கை மாதிரி இருக்கிறதா, குளிருகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். மாமி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். வேர்வை அடங்கி, பேச்சு தெளிந்ததும், வெறும் சர்க்கரை பத்தாது என்று ரிஸ்வானாவே சோற்றைப் பிசைந்து மாமிக்கு ஊட்டினாள்.

நாலு வாய் வாங்கிக்கொண்ட பிறகு மாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்கு எப்போதும் இப்படித்தான் மாமி இருக்கும் என்றாள் ரிஸ்வானா, தண்ணீர் எந்தப் பானையில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக. மாமிக்கு அதன் பிறகுதான் அழுகை வந்தது. சத்தம் வெளியே கேட்கும் என்றுகூடப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒரு வாய்ச் சோற்றை எடுத்து, மருமகளின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டே சொன்னார்: "கொஞ்ச நேரம் வந்ததுக்கே எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. இதுலயா புள்ள நீ இத்தன நாளும் குடியிருந்த?"

ரிஸ்வானா வாயைத் திறந்தாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள், தட்டில் பாதி அப்படியேதான் இருந்தது. ஆனால் நானும் ஒரு நோயாளிதான் மேடம் என்று அன்றைக்கு அவளே சொன்னாள். மறுநாள் மதுரைக்குக் கூப்பிட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, தானே பையை எடுத்துக்கொண்டு வந்து படுத்தாள். பழத்தோடு பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே மறித்துப் பதில் சொல்லி அனுப்பியது மரியம் பீவி. மஸ்கட்டுக்குப் போன் போட்டு மகனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதும் அவர்தான். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று நான் விட்ட டோஸை மட்டும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஒரு நாள் சோற்றில் தீர்கிற வியாதி இல்லை இது. ரிஸ்வானா இன்னும் வாராவாரம் வருகிறாள், சில வாரம் நன்றாக, சில வாரம் மோசமாக, இரண்டு தடவை டிபன் பாக்ஸ் சுவரில் மோதியிருக்கிறது.

படித்த படிப்பும் பேசிய பேச்சும் போக, இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம் ஒன்றே ஒன்றுதான்: எதிரே இருப்பவள் ஒரு வாய் விழுங்கினால், அன்றைக்கு எனக்கும் சோறு இறங்குகிறது.